கொடுத்தவருக்கும் ஒரு ஃபைல் வேண்டும்

தம்பிக்குக் கிட்னி கொடுத்த ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017 பிப்ரவரி. தம்பி இன்னும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். என் கையில் ஒரே ஒரு தாள். தையல் பார்க்க எந்தத் தேதியில் வர வேண்டும், வலிக்கு என்ன மாத்திரை, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கடைசி வரியில் ‘தேவைப்பட்டால் வரவும்’.

பத்து நாள் கழித்துத் தம்பி டிஸ்சார்ஜ் ஆனபோது அவனுக்கு ஒரு நீல ஃபைல் கொடுத்தார்கள். கல்யாண ஆல்பம் கனம். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அவனுக்கு அது வேண்டும்தான். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காப்பாற்ற வேண்டுமே. அன்றைக்கு எனக்கும் ஒரு ஃபைல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நான் நோயாளி இல்லையே. நன்றாக இருக்கிறேன் என்பதால்தானே என் கிட்னியை எடுத்தார்கள்.

அந்த நினைப்பு எவ்வளவு பெரிய தவறு என்று புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது 38 வயது. பிரஷர் இருந்ததே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தவன். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு கிட்னியும் கைவிட்டிருந்தன. பதினாலு மாதம் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள். அம்மாவுக்குச் சுகர், அதனால் அவர் கொடுக்க முடியாது. தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. நான் ஓ பாசிட்டிவ், வயது 43, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். நானே கேட்டேன், யாரும் என்னை நெருக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் காலையில், “லீவு எத்தனை நாள் போடணும், கேட்டுட்டு வா” என்றார்.

பரிசோதனைகள் இரண்டு மாதம் நடந்தன. 24 மணி நேர யூரின், ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன், ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ, இதயத்துக்கு எக்கோ, மனநல மருத்துவரிடம் ஒரு பேச்சு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு. அதனால் உறவை நிரூபிக்க ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் என்று காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு நின்றோம். அந்த இரண்டு மாதம் என்னை அலசாத மிஷின் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் இவ்வளவு பார்ப்பார்கள். கொடுத்த பிறகு பார்ப்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கிரியேட்டினின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு கழிவு, கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் அது ஏறும். என் கிரியேட்டினின் அப்போது 0.7. இந்த எண்ணை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. கொடுக்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஆபரேஷனுக்கு முன் எடுத்த கிரியேட்டினின், பிரஷர், யூரின் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் நகல் எடுத்து உங்கள் பெயரில் தனியாக வையுங்கள். பெரும்பாலும் எல்லாம் வாங்குபவரின் ஃபைலுக்குள் போய்விடும். எனக்குப் பிறகு தேவைப்பட்டபோது தம்பி வீட்டுப் பரணில் தேடி எடுத்தோம்.

முதல் வாரத்தில் என்னை வாட்டியது வயிற்று வலி இல்லை, தோள்பட்டை வலி. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் காற்று ஏற்றுவார்கள், அந்தக் காற்றின் வேலை அது. தெரியாமல் இதய வலி என்று நினைத்து ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸைக் கூப்பிட்டு அழுதேன். எழுந்து நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் விட்டது. இருமினாலும் தும்மினாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அது பெரிய ஆறுதல். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள். வலி மாத்திரையும் படுக்கையும் சேர்ந்து குடலைக் கட்டிவிடும், முக்கினால் தையலில் பாரம். மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடிவயிற்றுத் தையலுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடத்தில் எனக்கு இன்றைக்கும் உணர்ச்சி கம்மி. அது பரவாயில்லை. ஆனால் தையல் பக்கம் புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், காட்டிவிட வேண்டும்.

ஆறு வாரத்தில் கூட்டுறவு வங்கி வேலைக்குத் திரும்பினேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் முடிந்தது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு ஒரு அசதி வரும் பாருங்கள், கண்ணைத் திறக்க முடியாது. அது போக நாலு மாதம் ஆனது. வயல் வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்பவர்கள் ஆறு வாரத்தில் போக முடியாது. அதற்கான வருமானத்துக்கு முன்பே வழி பார்த்துவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2023 முதல் உறுப்பு தானத்துக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு. எனக்கு அப்படி எதுவும் இல்லை, சேர்த்து வைத்த லீவு அத்தனையும் போனது.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம். பெரியம்மா வீட்டிலிருந்து ஆறேழு பேர் பழம், ஹார்லிக்ஸோடு வந்தார்கள். “தம்பி எப்படி இருக்கான், யூரின் நல்லாப் போகுதா, கிரியேட்டினின் எவ்வளவு” என்று ஒரு மணி நேரம் பேச்சு. நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு டம்ளர்களைத் தொட்டியில் போட்டுவிட்டு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. தம்பி பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆனாலும் உள்ளே ஒரு வெறுமை. பெரிய காரியம் ஒன்று முடிந்ததும் வருகிற வெறுமை, உடம்பின் அசதி, யாரும் நம்மைக் கேட்கவில்லையே என்ற ஏக்கம், மூன்றும் கலந்தது. பல தானதாரர்களுக்கு இது வரும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆபரேஷன் ஆனவளாக வீட்டுக்கு வந்து மறுவாரமே அடுப்படிக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சோர்வும் அழுகையும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போவதில் தயக்கமே வேண்டாம்.

இனி, அந்தத் தவறு எனக்குப் புரிந்த கதை. 2018 ஏப்ரலில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் எப்போதும் வாங்குகிற பையன். “அக்கா, இதைக் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுங்க” என்று ஒரு பட்டை கொடுத்தான். நன்றாகக் கேட்டது. விட்டால் திரும்ப வலி. இன்னொரு பட்டை. இப்படிப் பதினோரு நாள். நல்ல வெயில், வேலை மும்முரத்தில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் செருப்பு மாட்டும்போது வார் இறுக்கியது. குனிந்து கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. தம்பிக்கு முதன்முதலில் வந்த அதே வீக்கம். கை நடுங்கிவிட்டது.

அன்றே மதுரைக்குப் போனோம். கிரியேட்டினின் 1.7. நெஃப்ராலஜி மருத்துவர், அதாவது கிட்னி மருத்துவர், மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். டைக்ளோஃபெனாக். “ஏம்மா, உங்க கிட்ட இதைத் தொடவே கூடாதுன்னு யாரும் சொல்லலையா?” என்றார். சொல்லியிருக்கலாம், வலியும் மயக்கமுமாக இருந்த நேரத்தில் எனக்கு ஏறாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த ஒற்றைத் தாளில் அது இல்லை.

அவர் விளக்கியது இதுதான். கிட்னிக்குள் போகும் ரத்தக் குழாயை விரித்து வைக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதற்காக அந்தப் பொருளையே தடுக்கின்றன. குழாய் சுருங்கி, கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தண்ணீர்ச் சத்தும் குறைந்திருந்தால் இரட்டை அடி. இரண்டு கிட்னி இருப்பவருக்குத் தாங்க இடம் உண்டு, எனக்கு அந்த இடம் பாதி. மாத்திரையை நிறுத்தி, மூன்று வாரத்தில் 1.1-க்கு இறங்கியது. இறங்கியது என் அதிர்ஷ்டம்.

டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைட், மாதவிடாய் வலிக்குக் கொடுக்கும் மெஃபனமிக் ஆசிட். இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் இவை வரும், அதனால் பட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. வலிக்கு வெறும் பாராசிட்டமால் சரியான அளவில் போடலாம். பல் பிடுங்கப் போனாலும், எலும்பு மருத்துவரிடம் போனாலும், வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை “எனக்கு ஒரு கிட்னிதான்” என்பதே. சிடி ஸ்கேனுக்கு ஊசியில் மருந்து ஏற்றுவதற்கு முன்னும் சொல்ல வேண்டும். அதே அட்டையில் ரத்த வகை, ஆபரேஷன் தேதி, எந்தப் பக்கக் கிட்னி எடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. எனக்கு இடது பக்கம். அந்தப் பக்கத்து ரத்தக் குழாய் நீளம் என்பதால் பெரும்பாலும் இடதைத்தான் எடுப்பார்கள்.

நாட்டு மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். கிட்னியைச் சுத்தம் செய்யும் பொடி என்று பெரியப்பா மகன் வாங்கி வந்தான், பாசத்தில்தான். என்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் இல்லை. பஸ்பம், செந்தூரம் வகைகளில் உலோகம் இருக்கும், அது கிட்னியில் போய்த் தங்கலாம். கிட்னியைச் சுத்தம் செய்ய எதுவும் குடிக்க வேண்டியதில்லை, சுத்தம் செய்வதே அதன் வேலை. வெறும் வயிற்றில் நட்சத்திரப் பழச் சாறு டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் ஆபத்து, அதிலிருக்கும் ஆக்சலேட் நல்ல கிட்னியையே அடைத்திருக்கிறது. தண்ணீர் மட்டும் நாலைந்து லிட்டர் குடிக்க வேண்டும் என்பதும் தேவையில்லாத சுமை. எனக்குச் சொன்னது இரண்டு, இரண்டரை லிட்டர். வெயிலில் அலைந்தால் கூடுதல். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம்.

அடுத்த பயம் 2021-ல். கொரோனா காலத்தில் ஒரு வருஷம் பரிசோதனைக்கே போகவில்லை. பிறகு பக்கத்து லேபில் கொடுத்தேன். கிரியேட்டினின் 1.2, கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு 56 என்று போட்டு, கீழே தடித்த எழுத்தில் ‘நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் பார்த்த பொது மருத்துவரும் அதையே சொன்னார். அன்று ராத்திரி தூங்கவில்லை. பெரியவள் பிளஸ் டூ, சின்னவன் எட்டாவது. டயாலிசிஸ் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்த காட்சியில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெஃப்ராலஜி மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஒரு கிட்னியை எடுத்ததும் வடிகட்டும் திறன் பாதியாகிவிடும். மிச்சம் இருப்பது சில மாதங்களில் கொஞ்சம் பெருத்து, கூடுதலாக வேலை செய்து, பழைய மொத்தத்தில் அறுபது எழுபது சதவீதம் வரை எட்டும். அதற்கு மேல் வராது. லேபின் கணக்கு வயது, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் இவற்றை மட்டும் பார்க்கிறது, நீங்கள் தானம் கொடுத்தவர் என்று அதற்குத் தெரியாது. ஆகவே 60-க்குக் கொஞ்சம் கீழே என்ற ஒரே எண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. எண் வருஷா வருஷம் ஒரே இடத்தில் நிற்கிறதா, யூரினில் புரதம் ஒழுகுகிறதா, பிரஷர் எப்படி, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யூரினுக்குச் சாதாரணப் பரிசோதனை போதாது, ஏசிஆர் என்று ஒன்று இருக்கிறது. யூரினில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு 11 வந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்தபோது கிரியேட்டினின் 1.1. முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கறியை ஒரு கட்டு கட்டிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் காலையில் ரத்தம் கொடுத்தால்கூட 1.1, 1.2 ஆகலாமாம். அதிலிருந்து எப்போதும் ஒரே லேப், முதல் நாள் கறி இல்லை. என் பதற்றத்தைப் பார்த்து மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். உலகத்தில் முதன்முதலாக வெற்றி பெற்ற கிட்னி மாற்றம் 1954-ல் பாஸ்டனில் நடந்தது. இரட்டையரில் ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார். கொடுத்த ரொனால்ட் ஹெரிக் ஒற்றைக் கிட்னியோடு 56 வருஷம் வாழ்ந்து 79 வயதில் இறந்தார். அன்றைக்கு எனக்கு அது மருந்தைவிட வேலை செய்தது.

ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வின் கணக்கு: வாழ்நாளில் கிட்னி முழுதும் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேர். அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்து கொடுக்காதவர்களில் 14 பேர். பொதுமக்களில் 326 பேர். கொடுத்தவர்கள் பொதுமக்களைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறோம், வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால். ஆனால் கொடுக்காமல் இருந்திருந்தால் நாம் இருந்திருக்கும் நிலையைவிட ஆபத்து கூடுதல். இரண்டையும் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும். இளம் பெண்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்த பிறகு கர்ப்பமானால் பிரஷர் ஏறும் வாய்ப்பு கூடும். ஒரு கனடா ஆய்வில் கொடுத்தவர்களுக்கு 11 சதவீதம், மற்றவர்களுக்கு 5 சதவீதம். பிள்ளை பெறக் கூடாது என்பது இல்லை, பெரும்பாலோருக்குக் கர்ப்பம் சிக்கலில்லாமல் முடிகிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே மகப்பேறு மருத்துவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பிரஷர் 2022-ல் வந்தது. எந்த அறிகுறியும் இல்லை, வருடப் பரிசோதனையில் 146/92. ஆஸ்பத்திரிப் பதற்றம் என்று விட்டுவிடப் பார்த்தேன். மருத்துவர் வீட்டில் ஒரு வாரம் எடுத்து எழுதி வரச் சொன்னார். காலையில் காபிக்கு முன், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, மேல்கையில் மாட்டும் மிஷினில். சராசரி 140-க்கு மேல்தான் இருந்தது. அப்பாவுக்கும் பிரஷர், தம்பிக்கு அதனால்தான் கிட்னியே போனது. சொந்த ரத்தத்துக்குக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: அவர்களைத் தாக்கிய குடும்ப நோய் நம் வாசலிலும் நிற்கலாம். ஒரு மாத்திரை ஆரம்பித்தார்கள். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் மோர் மிளகாய், அப்பளம், கருவாடு இல்லாத மதியம் கிடையாது, அதை மாற்றியதுதான் இந்த எட்டு வருஷத்தில் எனக்கு மிகக் கஷ்டமான வேலை. இப்போது 124/78.

தம்பியோடு ஒரே ஒரு முறை சண்டை போட்டேன். 2019-ல் ஊர்த் திருவிழாவில் இரண்டு நாள் மாத்திரை போடாமல் விட்டுவிட்டான். தம்பி மனைவி ரகசியமாக, “மதினி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு” என்று போன் செய்தாள். போய்க் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். “அது என் கிட்னிடா” என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போனது. கொடுத்த பிறகு அது அவனுடையது, அவன் உடம்பு, அவன் பொறுப்பு. அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அவன் அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரை விட்டதில்லை. என் வருடப் பரிசோதனைக்கு டோக்கன் எடுப்பதும் இப்போது அவன்தான்.

போன மாதம் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். புருஷனுக்குக் கொடுக்கப் போகிறார், அடுத்த வாரம் ஆபரேஷன். என்னிடம் கேட்டதெல்லாம் அவரைப் பற்றி: அவருக்கு என்ன சமைக்க வேண்டும், எந்த அறையில் படுக்க வைக்க வேண்டும். எல்லாம் சொன்னேன். பிறகு, டிஸ்சார்ஜ் அன்று மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில், அப்புறம் வருஷா வருஷம் நான் யாரிடம் வர வேண்டும்? அவர் பேர் என்ன? பிரஷர், கிரியேட்டினின், யூரின் ஏசிஆர், சுகர் நாலும் எழுதிக் கொடுப்பீர்களா? அதற்குக் காசு யார் தருவது, எங்கள் இன்ஷூரன்ஸ், கிட்னி கொடுத்தவருக்குப் பின்னாளில் வரும் செலவையும் ஏற்குமா, இல்லை ஆபரேஷனோடு சரியா?

“இதெல்லாம் எனக்கா அக்கா?” என்றார்.

“ஆமாம்மா, உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, என் ஃபைலின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மேலே என் பேர், ரத்த வகை, 0.7 என்ற எண். அதற்குக் கீழே 2017-லிருந்து வருஷம் வருஷமாக ஒரு வரிசை. 2020-க்கு நேரே மட்டும் இடம் காலி.